அஞ்சு மணிக் கன்னு

மாலை ஐந்து மணி ஆனால் பாவாயியின் இடுப்பில் ஒரு வண்டு முனகும்.

கையிலிருக்கும் பூவாளியைக் கீழே வைப்பாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். புடவைக்கு மேல் கட்டியிருக்கும் சாக்குத் துணியின் கயிற்றில் தொங்குகிற தோல் உறையிலிருந்து அந்தப் போனை உருவுவாள். உறையை விட்டு வெளியே வந்ததும், யாரோ தோளைத் தொட்டு எழுப்பியதுபோல அது தானாகவே கண் விழிக்கும். வெளிச்சமான சின்னச் சதுரத்தில் ஒரே ஒரு சொல் நிற்கும். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொல். கே, ஏ, என், என், யு.

கன்னு.

பாவாயிக்கு அதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. ஐந்து மணிக்குக் காப்பிக் கன்றுகளைப் பார்க்க வேண்டும். ஐயா அதைத்தான் போனுக்குள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆள் போன பிறகும் போன் மறக்கவில்லை.

அது 2010ஆம் வருடம். ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டுக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சரிந்து இறங்கும் பெரியநாயகம் ஐயாவின் எஸ்டேட்டில், கறுப்புப் பைகளில் மூவாயிரம் கன்றுகள் வரிசை கட்டி நின்றன. ஐயா மார்கழியில் தன் கையால் ஊன்றிய விதைகள். மண்ணைப் பிளந்து, கொட்டையைத் தொப்பி மாதிரித் தலையில் தூக்கிக்கொண்டு அவை எழுந்து நின்றதை ஐயா பார்த்தார். தொப்பி கழன்று இரண்டு இலை விரிந்ததைப் பார்க்கவில்லை. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், கேட்ட காப்பி வருவதற்குள் போய்விட்டார்.

பாவாயி அதே மலையில் இருக்கும் வெள்ளக்கடை ஊர்க்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். பத்தொன்பது வயதில் ஜீப் டிரைவர் செல்லப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த எஸ்டேட்டுக்கு வந்தாள். பழம் பறிக்க வந்த பெண் மருந்து டப்பாவின் மேலிருந்த எழுத்தை வாய்விட்டுப் படித்ததை ஐயா ஒருநாள் கேட்டார். மறுநாளிலிருந்து நர்சரி அவள் பொறுப்பு. இருபத்திநாலு வருடமாகக் கன்று வளர்ப்பதுதான் வேலை. "கன்னுக்குத் தண்ணி விட்டாச்சுங்க", "கன்னு வெளுத்துப் போச்சுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல் அவள் வாயில் வரும்.

அதே மாதிரி இன்னொரு சொல் இருக்கிறது. மலையில் பெண்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சோறு ஊட்டிக்கொண்டு, அடித்துவிட்டு அணைத்துக்கொண்டு சொல்லும் சொல். கண்ணு. அதைச் சொல்ல நாக்கு கொஞ்சம் மேலே மடிய வேண்டும். பாவாயியின் நாக்குக்கு அப்படி மடிய வாய்ப்பே கிடைக்கவில்லை. சாமிக்கு நேர்ந்தாள், சேலத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தாள். நாற்பது வயது தாண்டியதும் அதைப் பற்றி நினைப்பதை நிறுத்திவிட்டதாக எல்லாரிடமும் சொன்னாள்.

அந்தப் போன் ஐயாவுக்கு அவருடைய ஒரே மகள் ஷீனா பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது. ஷீனா அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதற்கு முன்பெல்லாம் காப்பி வியாபாரிகளின் மெயிலைப் பார்க்க ஐயா ஏற்காடு டவுனுக்கு ஓட வேண்டும். போன் வந்த பிறகு மெயில் அவரைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்கே வந்தது. மூலையில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். மிளகுக் கொடிக்குக் கீழே நின்றபடியே இரண்டு கட்டைவிரலாலும் தட்டித் தட்டி அவர் பதில் எழுதுவார். தன் மொத்த ஆபீசும் இப்போது சட்டைப் பைக்குள் இருக்கிறது என்று சிரிப்பார்.

ஐயாவின் நாற்பதாம் நாள் பூசை முடிந்த அன்று, ஷீனா அந்தப் போனை எடுத்துக்கொண்டு நர்சரிக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"பாவாயிக்கா, இந்த மேட்டை ஓட்டல் கட்டறவங்க கேக்கறாங்க. இந்த நர்சரி சரிவுதான் முதல்ல வேணுமாம், வண்டி நிறுத்தறதுக்கு. ஆடி முடியறதுக்குள்ள பதில் சொல்லணும்."

பாவாயி கன்றுகளைப் பார்த்தாள்.

"எனக்கு இப்ப எதுவும் யோசிக்க முடியல. அதுவரைக்கும் இங்க எப்படி இருக்குன்னு தினமும் எனக்கு ரெண்டு வரி எழுதுங்க. அப்பா போன் உங்ககிட்டயே இருக்கட்டும். என்னால இதைக் கையில வச்சுக்க முடியல."

ஆடி முடிவதற்குள் என்ற சொல் பாவாயியின் நெஞ்சில் முள்ளாக இறங்கியது. ஆடி மழை பிடித்த பிறகுதான் கன்றுகளைக் குழிக்கு மாற்ற முடியும். அதற்குள் சரிவு கைமாறினால் மூவாயிரமும் மண்ணோடு மண். நல்லபடியாக எழுதினால், பெங்களூரில் இருக்கும் அந்தப் பெண்ணின் மனசு இளகலாம். பாவாயியின் கையில் இருந்த ஒரே வழி அந்தப் போன்தான்.

அன்று சாயங்காலம் செல்லப்பன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காப்பிக் கொட்டையைப் பாதியாகப் பிளந்து பதித்ததுபோல வரிசை வரிசையாகக் குட்டிப் பொத்தான்கள். நடுவில் ஜவ்வரிசி போல ஒரு வெள்ளை உருண்டை. விரலால் உருட்டினால் திரையில் அம்பு நகர்ந்தது.

"ஏம்புள்ள, இதுல பாயாசம் வைக்கலாமாட்ட இருக்குது."

"நீங்க தொடாதீங்க. உங்க கைக்கு ஒரே அமுக்குல மூணு எழுத்து உழுகும்."

"அப்ப சீக்கிரம் எழுதி முடிச்சரலாமே."

பாவாயி சிரித்துக்கொண்டே முதல் எழுத்தைத் தேடினாள். அதில் எழுதத் தமிழ் இல்லை. பரவாயில்லை, ஐயா போன் காலண்டரில் எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே தட்டினாள். கே, ஏ, என், என், யு. நர்சரி நோட்டில் அவள் எப்போதும் இடது பக்கம் 'கன்னு' என்று எழுதி, இடம் விட்டு, அதற்கப்புறம்தான் விவரம் எழுதுவாள். அந்தப் பழக்கத்தில் இடம் விடும் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினாள். போன் தானாகவே அங்கே ஒரு புள்ளி வைத்து, அடுத்த எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றிக்கொண்டது.

"பாருங்க, புள்ளிகூட அதுவே வெச்சுக்குது."

"உன்னவிட வெவரந்தான்."

கன்னு. நல்லா இருக்குது. அவ்வளவுதான் அன்றைய கடிதம். நர்சரிக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அதன் உச்சியில் மட்டும்தான் டவர் கிடைக்கும். பாவாயி பனிக்குள் ஏறிப் போய் நின்றாள். கடிதம் போய்விட்டது என்று ஒரு சின்ன அடையாளம் விழுந்தது. கீழே மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையில் கரைந்துகொண்டிருந்தன. தன் மூன்று சொல் இந்த மலையை இறங்கி, வெளிச்சமும் இரைச்சலுமான ஏதோ ஒரு ஊருக்குள் நடந்து போவதை அவள் கற்பனை செய்து பார்த்தாள். அது செருப்பில்லாமல்தான் போகும் என்று தோன்றியது.

மறுநாள் பதில் வந்தது. ஓகே. இரண்டே எழுத்து.

அவள் விடவில்லை. தினமும் ஐந்து மணிக்கு வண்டு முனகியதும் கன்றுகளைச் சுற்றி வருவாள், தட்டுவாள், பாறைக்கு ஏறுவாள்.

கன்னு. குளுருக்கு நடுங்குது. சாக்கு கட்டி உட்டிருக்கறேன்.

கன்னு. பயமில்ல. வேர் புடிச்சிருச்சு.

கன்னு. வெயில்ல நிக்காம பாத்துக்கோணும்.

பதில்கள் மெல்ல மெல்ல நீண்டன. முதலில் 'சரிங்க'. பிறகு 'சரிங்க அக்கா'. வெயிலைப் பற்றி எழுதிய மறுநாள் ஒரு முழு வரி வந்தது: நான் வெயிலில் போறதே இல்லை அக்கா, கவலைப்படாதீங்க.

பாவாயி அதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டினாள்.

"ஏனுங்க, நான் கன்னு வெயில்ல நிக்கக் கூடாதுன்னு எழுதுனா, அந்தப் புள்ள தான் வெயில்ல போறதில்லைங்குது."

"ஆபீசுல படிச்ச புள்ள. மரியாதைக்கு எதாச்சும் சொல்லோணும்னு சொல்லுது. நீ சோத்தப் போடு."

வைகாசி போய் ஆனி வந்தது. பனிக்குள் சிவப்பு விளக்கு மினுக்கும்போதெல்லாம் பாவாயிக்கு உடம்பு சிலிர்க்கும். சாப்பிட்டீங்களா அக்கா என்று கேட்டு வரும். இன்றைக்கு மனசு சரியில்லை, உங்கள் வரியைப் பார்த்ததும் சரியாகிவிட்டது என்று வரும். இந்த மலைக்கு வெளியே தன்னை நினைத்துக்கொள்ள ஒரு உயிர் இருக்கிறது என்ற எண்ணம் அவளுக்குக் கனவு மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றும்போது அந்தக் கனவுக்குள் நடந்து நடந்து ஒரே வரிசைக்கு இரண்டு தடவை ஊற்றிவிடுவாள்.

ஆடி மூன்றாவது வாரம், புதன்கிழமை, நீளமாக ஒரு கடிதம் வந்தது. பாவாயி பாறையில் உட்கார்ந்து ஜவ்வரிசியை உருட்டி உருட்டிப் படித்தாள்.

"பாவாயிக்கா, அப்பா போனதுக்கப்புறம் என்னை இப்படி யாரும் கூப்பிட்டதில்லை. முதல் நாள் நீங்க கூப்பிட்டதைப் பார்த்து ஆபீசில் எல்லார் முன்னாலயும் அழுதுட்டேன். இந்தச் சொல் வர்ற இடத்தை எப்படி விக்கறது? சனிக்கிழமை வர்றேன். ஓட்டல்காரங்களும் அன்னைக்கு அஞ்சரைக்கு வர்றாங்க. வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

பாவாயியின் நெஞ்சு துள்ளியது. கன்றுகள் பிழைத்துவிட்டன. ஆனால், கூப்பிட்டேனா? என்னவென்று கூப்பிட்டேன்?

உருண்டையை இன்னும் கீழே உருட்டினாள். ஷீனா பதில் எழுதிய கடிதத்துக்கு அடியில் பாவாயியின் பழைய கடிதமே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவள் அதை அனுப்பியபோது பார்த்திராத ஒரு வரி அதன் அடியில் இருந்தது. போன் தானாகவே சேர்த்தது. ஐயா வியாபாரக் கடிதங்களுக்காக என்றைக்கோ எழுதி வைத்தது.

கே, ஏ, என், என், யு. புள்ளி. நல்லா இருக்குது. அதற்குக் கீழே: அன்புடன், பெரியநாயகம்.

பாவாயிக்கு மலையே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அந்தப் பொத்தான்களில் 'ன்'னுக்கும் 'ண்'ணுக்கும் ஒரே எழுத்துதான். கன்னு என்று அவள் எழுதிய ஒவ்வொரு நாளும், அங்கே ஒரு பெண் அதைக் கண்ணு என்று படித்திருக்கிறாள். அதுவும் செத்துப்போன அப்பாவின் பெயரோடு. கண்ணு, பயமில்லை. கண்ணு, வெயிலில் நிற்காமல் பார்த்துக்கொள்.

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. செல்லப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பேசாம இரு புள்ள. அது கண்ணுன்னே படிச்சுட்டுப் போகட்டும். நீயா பொய் எழுதுன?"

"தெரியாதப்ப பொய்யில்லீங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சே."

"சொன்னயினா கோவிச்சுட்டு வித்துப்போடும். உன்ர மூவாயிரமும் போச்சு."

"அதுக்குத்தானுங்க பயமா இருக்குது."

மறுநாள் ஐந்து மணிக்கு வண்டு முனகியது. பாவாயியின் கட்டைவிரல் கே என்ற பொத்தானுக்கு மேலேயே நின்றது. இறங்கவில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு, 'எல்லாம் நல்லா இருக்குது' என்று மட்டும் எழுதினாள். பாறையை விட்டு இறங்குவதற்குள் சிவப்பு விளக்கு மினுக்கியது.

இன்னைக்கு என்னைக் கூப்பிடலையே அக்கா?

பாவாயி போனை உறைக்குள் போட்டாள். திரை தானாகவே அணைந்தது. அவளுக்குத்தான் அணையத் தெரியவில்லை. பாறையோரம் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கெல்லாம் ஷீனா வந்துவிட்டாள். வீட்டைக்கூடத் திறக்காமல் நேராக நர்சரிக்கு இறங்கி வந்து பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவாயி அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். சாக்குத் துணிக்குள்ளிருந்து நர்சரி நோட்டை எடுத்து விரித்து நீட்டினாள்.

"சின்னம்மா, இதப் படிங்க."

தமிழில் இருந்தது. கன்னு, நல்லா இருக்குது. கன்னு, வேர் புடிச்சிருச்சு. பக்கம் பக்கமாக அதேதான்.

"இதுங்களத்தானுங்க கன்னுன்னு எழுதுனேன்." அவள் கை வரிசைகளைக் காட்டியது. "உங்களக் கூப்பிடலீங்க. அந்தப் போனுல ரெண்டுக்கும் ஒரே எழுத்தாப் போச்சு. ஐயா பேரு அடியில போறதும் எனக்குத் தெரியாதுங்க. உங்கள ஏமாத்தோணும்னு நெனைக்கல."

ஷீனா போனைக் கேட்டு வாங்கினாள். பாத்தி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் படித்தாள். 'சாக்கு கட்டி உட்டிருக்கறேன்' என்ற இடத்தில் அவளை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"நான்கூட, இந்தக்கா குளிருக்குச் சாக்கைக் கட்டிக்கிறாங்களேன்னு, உங்களுக்குக் கம்பளி வாங்கிட்டு வந்திருக்கேன்."

சிரிப்பு அப்படியே உடைந்தது. அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்போ இத்தனை நாளும் என்கிட்ட யாருமே பேசலையா அக்கா?"

பாவாயியின் தொண்டையில் ஒரு சொல் வந்து நின்றது. கூலிக்கு வேலை செய்கிறவள், முதலாளி வீட்டுப் பெண்ணை அப்படிக் கூப்பிடலாமா? அவள் எச்சிலோடு அதை விழுங்கினாள்.

ஷீனாவின் கையில் வண்டு முனகியது. மணி ஐந்து. இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். கே, ஏ, என், என், யு.

"இது நான்தான்," என்றாள் ஷீனா மெதுவாக. "தினமும் அஞ்சு மணிக்கு அப்பா எனக்குப் போன் பண்ணுவார். மறந்துடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கார்."

"கன்னுங்களப் பாக்கறதுக்கில்லீங்களா? அஞ்சு மணிக்கு ஐயா இங்கதானுங்க வருவாரு. ஒவ்வொரு வரிசையாப் பாத்துட்டு, அப்பறம் அந்தப் பாறைக்குப் போயிருவாரு."

"பாறைக்கு எதுக்கு?"

"டவரு அங்கதானுங்க. போனுல சிரிச்சுப் பேசிட்டே இந்தச் சரிவப் பாத்துட்டு நிப்பாரு. யாருகிட்டன்னு நாங்க கேட்டதில்லீங்க."

ஷீனா எழுந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறையில் ஏறினாள். உச்சியில், அப்பா நின்ற இடத்தில் நின்று கீழே பார்த்தாள். பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து கன்றுகளின் காலடியில் படுத்தது. மூவாயிரம் பச்சைத் தலைகள் மட்டும் வெள்ளைக்கு மேலே மிதந்தன. அவள் பெங்களூரில் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவின் குரலைக் கேட்ட அத்தனை மாலைகளிலும் அவர் கண் முன்னால் இந்தச் சரிவுதான் இருந்திருக்கிறது. 'கண்ணு, எல்லாம் நல்லா வருது' என்று சொல்வாரே, அது தன் வேலையைப் பற்றியா, இந்த நர்சரியைப் பற்றியா? இனி கேட்க ஆளில்லை. ஐந்து மணி என்று ஒன்று வைத்து, அதற்குள் இரண்டையும் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் கட்டைவிரல்கள் பொத்தான்களில் ஓடின. ஓட்டல்காரர்கள் ஐயாவுக்குப் போட்ட பழைய மெயில் அந்தப் போனிலேயே இருந்தது. அதற்குத்தான் பதில் எழுதினாள்.

"என்னங்க எழுதறீங்க?" கீழேயிருந்து பாவாயி கேட்டாள்.

"வர வேண்டாம், இந்த மழைக்கு இங்க செடி நடறோம்னு எழுதறேன். என் போன்லயே எழுதலாம் அக்கா. இதுல எழுதினாத்தான் அடியில அப்பா பேர் போகும்."

கடிதம் போய்விட்டது. பாவாயி பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்து, பக்கத்திலிருந்த கன்றின் இலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். அதைப் பிடிக்காவிட்டால் தான் விழுந்துவிடுவோம் என்பதுபோல.

பொட்டுப் பொட்டாகத் தூறல் விழுந்தது. பாறை கறுத்துப் பளபளத்தது. ஷீனா போனை உறைக்குள் போட்டுவிட்டுக் காலை எட்டி வைத்தாள். வழுக்கியது.

"கண்ணு, பாத்து எறங்கு சாமி. பாறை வழுக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் பாவாயிக்கே காதில் விழுந்தது. நாக்கு நன்றாக மேலே மடிந்து சொல்லியிருந்தது. அவள் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷீனா பாதிப் பாறையில் நின்றுவிட்டாள். கன்னம் முழுக்க ஈரம். தூறலோ என்னவோ.

"இப்ப யாரைக் கூப்பிட்டீங்க அக்கா? என்னையா, செடியையா?"

பாவாயி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"செடிக்கு எறங்கக் காலு ஏது கண்ணு," என்றாள்.